சான்றிதழ் அல்ல, கூலியுடன் விடுப்பே தொற்றைத் தடுக்கும்

திருவனந்தபுரத்தில் கட்டட வேலை செய்யும் மார்த்தாண்டத்துக் கொத்தனார் சனிக்கிழமை மாலை வீடு திரும்பக் களியக்காவிளையைக் கடந்தாக வேண்டும். 1956 நவம்பர் 1 வரை அங்கே மாநில எல்லையே கிடையாது. 2021 ஆகஸ்ட் 5 முதல் கேரளத்திலிருந்து தமிழ்நாட்டிற்குள் நுழைவோர், 72 மணி நேரத்திற்குள் எடுத்த ஆர்.டி.பி.சி.ஆர். ‘நெகட்டிவ்’ சான்றையோ, இரு தவணைத் தடுப்பூசிச் சான்றையோ காட்ட வேண்டியிருந்தது. அப்போதைய கர்நாடக பாஜக அரசு, தடுப்பூசி போட்டவரிடமும் பரிசோதனைச் சான்று கேட்டது.

இந்தத் தாள் உண்மையில் எதைச் சொல்கிறது?

மூக்கிலும் தொண்டையிலும் எடுத்த மாதிரியில் வைரஸின் மரபணுப் பொருள் இருக்கிறதா என்பதை ஆர்.டி.பி.சி.ஆர். சொல்கிறது. ஒவ்வொரு சுழற்சியிலும் அப்பொருளை ஏறத்தாழ இரட்டிப்பாக்கி, மிகச் சொற்பமான துணுக்கையும் கண்டுபிடித்துவிடும் நுட்பமான முறை அது. பரிசோதனையே மோசடி என்று பரப்புவோருக்கு இக்கட்டுரையில் இடமில்லை. ஆனால், அந்தத் துணுக்கு உயிர்ப்புள்ள வைரஸுக்கு உரியதா, செத்த வைரஸின் எச்சமா என்பதை அச்சோதனை பிரித்துச் சொல்லாது. அணைந்த அடுப்பிலும் சாம்பல் இருக்கும்.

ஜெர்மனியின் மியூனிக் நகரில் முதல் நோயாளிகள் ஒன்பது பேரை ஆராய்ந்து 2020இல் வெளியான ஆய்வு, அறிகுறி தோன்றி எட்டு நாட்களுக்குப் பின் எடுத்த மாதிரிகளிலிருந்து உயிர்ப்புள்ள வைரஸை வளர்க்க இயலவில்லை என்று காட்டியது. மரபணுப் பொருளோ அதன் பிறகும் தென்பட்டது. தென்கொரியாவில் குணமடைந்த பின் மீண்டும் ‘பாசிட்டிவ்’ ஆனவர்களை ஆராய்ந்தபோதும் உயிர்ப்புள்ள வைரஸ் கிடைக்கவில்லை. எனவே, பழைய தொற்றின் எச்சத்தைச் சுமப்பவர் எவருக்கும் நோயைப் பரப்பாதவராக இருந்தும் எல்லையில் தடுக்கப்பட்டிருக்கலாம்.

மறுபக்கம் இன்னும் ஆபத்தானது. தொற்றிய முதல் ஓரிரு நாட்களில் சோதனை ‘நெகட்டிவ்’ என்றே காட்டக்கூடும். அறிகுறி தோன்றுவதற்குச் சற்று முன்னும் தோன்றிய தொடக்க நாட்களிலுமே பரவல் உச்சத்தில் இருக்கிறது. திங்களன்று ‘நெகட்டிவ்’ சான்று பெற்றவர் வியாழனன்று அதே சான்றைக் காட்டிக்கொண்டே நோயைப் பரப்பலாம். 72 மணி நேரத் தாள், மாதிரி எடுத்த நேரத்தைப் பற்றியதே. எல்லையைக் கடக்கும் நேரத்தைப் பற்றியது அல்ல.

இது ஆட்சியாளர்கள் அறியாத செய்தியும் அல்ல. மாநிலங்களுக்கிடையே பயணிக்கும் ஆரோக்கியமானவர்களுக்கு ஆர்.டி.பி.சி.ஆர். சோதனையை முற்றிலும் விலக்கலாம் என்று 2021 மே 4 அன்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலே அறிவுறுத்தியது. ஒருமுறை ‘பாசிட்டிவ்’ ஆனவருக்கு மறுசோதனை வேண்டாம் என்றும் கூறியது. பின் ஏன் இந்தத் தாள்? அரசு ஏதோ செய்கிறது என்று காட்ட இதைவிட மலிவான வழி இருக்கவில்லை. செலவை ஏற்றவர் தொழிலாளி அல்லவா!

கேரள அரசு தனியார் ஆய்வகக் கட்டணத்தை 2021 ஏப்ரல் இறுதியில் 1,700 ரூபாயிலிருந்து 500 ரூபாயாகக் குறைத்தபோது ஆய்வக உரிமையாளர்கள் உயர்நீதிமன்றத்திற்கு ஓடினர். அந்த 500 ரூபாயும், அலைவதில் இழந்த கூலியும் கொத்தனாருக்குச் சிறு தொகையாக இருக்கவில்லை. 2021இல் ஐக்கிய அரபு அமீரகம் சென்றோருக்கு விமான நிலையத்தில் எடுக்கப்பட்ட துரித பி.சி.ஆர். சோதனைக்கு இரண்டாயிரம் ரூபாய்க்கு மேல் கட்ட வேண்டியிருந்தது. அங்கே பழைய எச்சம் ஒன்று தென்பட்டால் பயணச்சீட்டும் போனது, வேலையும் ஆட்டம் கண்டது.

இடது ஜனநாயக முன்னணி அரசும் இப்பிழையிலிருந்து முற்றிலும் தப்பவில்லை என்பதைச் சுயவிமர்சனமாகச் சொல்வதே நேர்மை. 2020 ஜூனில் வளைகுடாவிலிருந்து திரும்புவோரிடம் ‘நெகட்டிவ்’ சான்று கேட்டது. எதிர்ப்பு எழுந்ததும் கைவிட்டது. குணமடைந்தோர் அடுத்தடுத்து இருமுறை ‘நெகட்டிவ்’ ஆகும் வரை மருத்துவமனையிலேயே காத்திருந்தனர். பத்து நாட்களுக்குப் பின் எச்சத்தைத் தேடத் தேவையில்லை என்று உலக சுகாதார அமைப்பு 2020 மே மாதமே கூறிய பின்னரும் சில வாரங்கள் அது நீடித்தது. பிழையை உணர்ந்து திருத்திக்கொண்ட அரசு என்பதாலேயே, அந்த அனுபவத்தை அண்டை மாநிலங்களுக்கு எடுத்துச் சொல்லும் தகுதி அதற்கு இருந்தது.

நோயைப் பரப்பக்கூடியவரை அடையாளம் காண அறிகுறி, தொற்றாளருடன் தொடர்பு, நாட்களின் கணக்கு, உடனடி முடிவு தரும் இலவசச் சோதனை ஆகிய அனைத்தும் சேர வேண்டும். அடையாளம் கண்டபின், அவர் பத்து நாள் வீட்டிலிருக்கக் கூலி வேண்டும். இ.எஸ்.ஐ. உறுப்பினருக்கு நோய்க்கால உதவியாகச் சராசரி ஊதியத்தில் 70 சதவீதம் உண்டு. கொத்தனாருக்கும் மீன் விற்கும் பெண்ணுக்கும் அத்தகைய உதவி பொதுவாகக் கிடைப்பதில்லை. காய்ச்சலை மறைத்து வேலைக்குச் செல்பவரை அங்கே தள்ளுவது பசியே.

எல்லையில் மீண்டும் தாள் கேட்க வேண்டாம்! தொற்றுற்ற ஒவ்வொரு தொழிலாளிக்கும் ஊதியத்துடன் விடுப்பு வழங்குக! ஒன்றிய அரசே அதன் செலவை ஏற்றிடுக!