மணிக்கட்டு முற்றும் முன்னே

2019 ஜனவரியில் பாளையங்கோட்டை முழுக்க ஒரே பேச்சு. அப்போதைய திருநெல்வேலி கலெக்டர் ஷில்பா பிரபாகர் சதீஷ் தன் மகளை அங்கன்வாடியில் சேர்த்துவிட்டார். கலெக்டர் பிள்ளை பால்வாடியிலா என்று பேப்பரை இரண்டு தடவை வாசித்தவர்கள் உண்டு. கர்நாடகத்துக்காரரான அவர் சொன்ன காரணம் ரொம்பச் சாதாரணமானது: பிள்ளைக்குத் தமிழ் வரட்டும், எல்லாரோடும் பழகட்டும்.

அதே மாதம்தான் நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருந்த 2,381 அங்கன்வாடிகளில் எல்கேஜி, யுகேஜி தொடங்கியது அரசு. எங்கள் தெருவில் எடுபட்டது இந்த இரண்டாவது சேதிதான். "இனி அங்கயும் இங்கிலீஷ் உண்டுலா" என்று ஆளாளுக்குச் சொல்லிக்கொண்டார்கள். எனக்கென்னவோ விஷயம் முதல் சேதியில்தான் இருக்கிறது என்று அன்றும் பட்டது, இன்றும் படுகிறது.

எல்கேஜி என்றதும் நாம் தேடுவது நோட்டும் பென்சிலும். ஆனால் பென்சில் பிடிக்கப்போகிற கையைப் பாருங்கள். மனிதனின் மணிக்கட்டில் எட்டுச் சின்ன எலும்புகள். பிறக்கும்போது எட்டுமே வெறும் குருத்துதான். ஒவ்வொன்றாகக் கெட்டிப்பட்டு, கடைசி எலும்பு தேறிவர ஏறக்குறைய பத்து வயதாகிவிடும். இன்னும் பல எலும்புகள் தேறாத மூன்றரை வயதுக் கையில் பென்சிலைக் கொடுத்து, நாலுகோட்டு நோட்டில் பக்கம் பக்கமாக எழுது என்கிறோம். கை வலிக்குது என்று பிள்ளை சொன்னால் சாக்குப்போக்கு என்கிறோம். மண் பிசைவதும், மணி கோப்பதும், புளியங்கொட்டை பொறுக்குவதும்தான் அந்தக் கைக்கு ஏற்ற பாடம். அங்கன்வாடிகளில் இருக்கும் 'ஆடிப்பாடி விளையாடு பாப்பா' பாடத்திட்டமும் இதைத்தான் சொல்கிறது. டீச்சருக்குத்தான் அதற்கு நேரம் கிடைப்பதில்லை. எடை பார்க்க வேண்டும், உயரம் அளக்க வேண்டும், எல்லாவற்றையும் செல்போனில் போஷன் டிராக்கரில் ஏற்ற வேண்டும். தேர்தல் வந்தால் அந்த வேலையும் சேர்ந்துகொள்ளும்.

சேரன்மகாதேவிப் பக்கம் ஒரு கிராமத்து பால்வாடியில் ஒரு காலை முழுக்க உட்கார்ந்திருந்தேன். குளத்து வண்டலை ஒரு சட்டியில் குழைத்து வைத்திருந்தார் ஆயா. சிரட்டைகள், பனையோலைக் காற்றாடி, அம்பாசமுத்திரத்துச் சொப்புச் சாமான் ஒரு செட். அதில் பாதிக்கு மேல் காணாமல் போயிருந்தது. ஒரு சிறுமி ஆட்டுக்கல் செய்துகொண்டிருந்தாள். சும்மா உருண்டை பிடித்து வைக்கவில்லை. கட்டைவிரலால் குழி தோண்டி, குழவியைத் தனியாக உருட்டி, அதை உள்ளே விட்டுச் சுற்றிப் பார்த்தாள். சுற்றியது. பக்கத்தில் பஸ் ஓட்டிக்கொண்டு வந்த பையன், வேண்டுமென்றேதான், அதன் மேலேயே ஏற்றிவிட்டான்.

ஓவென்று அழுகை. அவன் காதைத் திருகி ஸாரி சொல்ல வைப்பார்கள் என்று எதிர்பார்த்தேன். டீச்சர் சிறுமியை மடியில் சாய்த்துக்கொண்டு, "எலேய், அவ ஆட்டுக்கல்லு போச்சுல்லா, வா, என்ன செய்யலாம்னு அவகிட்டயே கேளு" என்றார். சிறுமி கிட்டவே விடவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, தண்ணி கொண்டா என்று அவனை ஏவினாள். சிரட்டையில் கொண்டுவந்தான். வாசல் வருவதற்குள் பாதி கொட்டிவிட்டது, மறுபடி போனான். குழவி உருட்டுகிற வேலையும் அவனுக்கே கிடைத்தது. பெரிதாக உருட்டிவிட்டான், குழிக்குள் இறங்கவில்லை. அவள் அதில் கொஞ்சம் கிள்ளி எடுத்தாள், அவன் உருட்டினான். அவள் கிள்ளினாள், அவன் உருட்டினான்.

"ஸாரி சொல்லுன்னா சொல்லிட்டு ஓடிருவான் அண்ணாச்சி" என்றார் டீச்சர். "செய்யிறது எம்புட்டுப் பாடுன்னு அவன் கைக்குத் தெரியணும்லா."

பிள்ளைகளிடம் இரக்கம் இல்லை, நாம்தான் ஊட்ட வேண்டும் என்று நினைக்கிறோம். ஜெர்மனியில் லைப்சிக் நகரத்து ஆய்வாளர்கள் வார்னெக்கனும் டொமசெல்லோவும் 2006-ல் ஒரு சோதனை நடத்தினார்கள். முன்பின் தெரியாத ஒருவர் துணி காயப்போடும் கிளிப்பைக் கீழே நழுவவிட்டு எட்டி எட்டிப் பார்ப்பார். ஒன்றரை வயதுப் பிள்ளைகள் யாரும் கேட்காமலே தத்தித் தத்திப் போய் எடுத்துக் கொடுத்தன. இரண்டு ஆண்டு கழித்து அவர்களே செய்த இன்னொரு சோதனை இதைவிடச் சுவையானது. உதவி செய்ததற்குப் பொம்மைப் பரிசு வாங்கிய பிள்ளைகள், பரிசு நின்றதும் உதவுவதைக் குறைத்துக்கொண்டன. ஒன்றும் வாங்காத பிள்ளைகள் தம் பாட்டுக்கு உதவிக்கொண்டே இருந்தன. பகிர்ந்து கொடுத்ததற்கு நெற்றியில் ஸ்டார் ஒட்டி அனுப்பும் நர்சரிகள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

நர்சரி என்றதும் இன்னொன்று. ஊருக்கு நாலு பள்ளிக்கூடம் இப்போது 'மாண்டிசோரி' என்று போர்டு மாட்டியிருக்கிறது. மரியா மாண்டிசோரி தம் முதல் பள்ளியை 1907-ல் ரோமில் சான் லொரென்சோ என்ற கூலித் தொழிலாளர் குடியிருப்பில்தான் தொடங்கினார். 1939-ல் அவரே அடையாறுக்கு வந்து இங்குள்ள ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். ஏழைப் பிள்ளைகளுக்காகப் பிறந்த முறை, இன்று ஃபீஸ் கட்டுகிறவர் பிள்ளைக்கு.

மதியம் சாப்பாடு வந்தது. வாரத்தில் மூன்று நாள் முட்டை உண்டு, அன்று முட்டை நாள். முட்டை உரிப்பதும் ஒரு கைப்பாடம்தான். எங்கே தட்டுவது, எவ்வளவு தட்டுவது, தோலுக்கும் வெள்ளைக்கும் நடுவில் இருக்கிற சவ்வைப் பிடித்தால் முழுசாகக் கழன்று வருவது, இதெல்லாம் விரலுக்குத்தான் புரியும். காலையில் பஸ் ஏற்றிய அதே பையன் கைதேர்ந்தவனாக இருந்தான். தன்னுடையதை உரித்துத் தட்டில் வைத்துவிட்டு, வலப்பக்கத்துப் பிள்ளையினுடையதை வாங்கினான், பிறகு இடப்பக்கத்துப் பிள்ளையினுடையதை. எல்லா முட்டையிலும் அவன் விரல் அழுக்கு. எந்தத் தெருக் கை தொட்டது என்று அந்த வரிசையில் கேட்க ஆளில்லை.

நான் உட்கார்ந்திருந்தது சேரன்மகாதேவிப் பக்கம் என்பதால் வேறொரு பந்தி நினைவுக்கு வந்துவிட்டது. 1922-ல் வ.வே.சு. ஐயர் தொடங்கி இங்கே நடத்திய குருகுலத்தில் ஏட்டுப் படிப்போடு உடலுழைப்பும் சேர்ந்தே இருந்தது. இன்று நாம் செய்து கற்றல் என்று பெருமையாகச் சொல்வதை அன்றே செய்தார்கள். ஆனால் பிராமணப் பையன்கள் இருவருக்கு மட்டும் சாப்பாடு தனியே. 1924-ல் அது வெளியே தெரிந்து, வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் எதிர்த்து நிற்க, தமிழ்நாட்டுக் காங்கிரஸே ஆடிப்போனது. 1925 ஜூனில் பாபநாசம் அருவியில் விழுந்த மகளைக் காப்பாற்றப் போய் ஐயரும் இறந்துபோனார். பெரிய மனிதர், பெரிய கனவு. நல்ல பாடத்திட்டம் இருந்தும் அந்தப் பள்ளி விழுந்த இடம் சாப்பாட்டுப் பந்தி. கைவேலை சொல்லிக்கொடுத்தால் தானாகவே கனிவு வந்துவிடும் என்பவர்களுக்கு எங்கள் தாமிரபரணிக் கரையிலேயே பதில் இருக்கிறது. கை மண்ணில் இருந்தால் மட்டும் போதாது, யார் கையோடு சேர்ந்து இருக்கிறது என்பதும் முக்கியம்.

நூறு வருஷம் ஓடிவிட்டது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பிளஸ் டூ மாணவன் ஒருவனையும் அவன் தங்கையையும் கூடப் படித்த பையன்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதன்பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. சாதி சொல்லும் கலர் கயிறுகளை மாணவர்கள் கையில் கட்டக்கூடாது என்பது அதன் பரிந்துரைகளில் ஒன்று. அவசியமானதுதான். ஆனால் அது மணிக்கட்டு எலும்பெல்லாம் முற்றிய பிறகு செய்கிற வேலை. அப்போது கயிற்றை அவிழ்க்கலாம், கட்டிக்கொள்ளும் ஆசையை யார் அவிழ்ப்பது?

கிளம்பும்போது டீச்சரிடம் கேட்டேன், எல்லாத் தெருப் பிள்ளைகளும் இங்கே வருகிறார்களா என்று. சிரித்தார். "மேலத்தெருப் பிள்ளையெல்லாம் வேன்ல போயிருதுவ அண்ணாச்சி." சில ஊர்களில் பிரச்சினை வேனோடு நிற்பதில்லை. பால்வாடி எந்தத் தெருவில் இருக்கிறதோ அந்தத் தெருப் பிள்ளை மட்டுமே வரும், மற்ற தெருக்காரர்கள் வந்து சத்துமாவு பாக்கெட்டை மட்டும் வாங்கிப் போவார்கள். வசதி உள்ளவன் வீட்டுப் பிள்ளைக்கு ஒரு வேன், இல்லாதவன் பிள்ளைக்கு ஒரு கட்டடம் என்று மூன்று வயதிலேயே பந்தியைப் பிரித்துவிட்டு, பதினைந்து வயதில் ஒற்றுமை உறுதிமொழி எடுக்க வைக்கிறோம்.

இந்தியாவில் அங்கன்வாடித் திட்டம் தொடங்கியது 1975 அக்டோபர் 2. அக்டோபர் 2-ல் ஊருக்கு ஊர் கிராமசபையும் கூடுகிறது. ரோடு, தெருவிளக்கு, குடிதண்ணீர் எல்லாம் பேசுவோம். பழைய பால்வாடியை இடித்துப் புதிதாகக் கட்டப்போகிறார்கள் என்றால், எந்த இடத்தில் என்று யாராவது எழுந்து கேட்க வேண்டும். பஞ்சாயத்துப் பள்ளி வளாகத்துக்குள்ளே, இரண்டு தெருவும் நடந்து வருகிற இடத்தில் கேளுங்கள். கிடைத்தால் உங்கள் பேரப்பிள்ளையை முதல் ஆளாகக் கொண்டுபோய் விடுங்கள். வேன் காசும் மிச்சம்.