குடிபெயர்வு ஊழ்வினையா?



“பிழைப்பு உள்ள இடத்திற்கு மக்கள் போகின்றனர், அஃது இயற்கை, அதனை யாரே தடுக்க வல்லார்?” என்பது ஆளுவோர் வாயில் என்றுமுள்ள விடை. ஊர் வெறுமையாவதை வெயிலும் மழையும் போல இயற்கை நிகழ்ச்சியாகக் காட்டித் தம் பொறுப்பைக் கழற்றிக் கொள்ளும் சூழ்ச்சியுரை இது. இஃது எத்துணைப் பெரும்பொய் என்பதை அறிய விழைவோர், அயர்லாந்தின் வடமேற்கே, சானன் ஆற்றங்கரையிலுள்ள இலீத்திரிம் என்னும் நாட்டுப்புற மாவட்டத்தைப் பார்க்க!

1841-இல் ஆங்கு வாழ்ந்தோர் 1,55,297 பேர். 1851-இல் எஞ்சினோர் ஏறத்தாழ 1,12,000 பேரே. பத்தே ஆண்டுகளில் நால்வருள் ஒருவர்க்கு மேல் மாண்டனர், அன்றேல் கப்பலேறினர். 1845-இல் உருளைக்கிழங்கில் நோய் விழுந்தது மெய்தான். ஆனால், நோய் வந்தது கிழங்கிற்கு. உழவனை நிலத்தினின்று துரத்தியதோ சட்டம். கால் ஏக்கருக்கு மேல் நிலமுடையவன் அதனைக் கைவிட்டாலன்றி அரசுதவி பெறலாகாது என 1847-இல் விதித்தனர். கஞ்சி வேண்டுமாயின் நிலத்தைக் கொடு என்பதே அதன் பொருள். அதே ஆண்டுகளில் அயர்லாந்தின் தவசமும் கால்நடையும் இங்கிலாந்துக்குக் கப்பலேறிய வண்ணமே இருந்தன.

அவ் விதியைக் கொணர்ந்தவர் யார்? வில்லியம் கிரெகரி. அவரே 1872 முதல் 1877 வரை இலங்கையின் ஆளுநர். பஞ்ச உதவியைக் கருவூலத்திலிருந்து இறுக்கிப் பிடித்தவர் யார்? சார்லசு திரெவெலியன். அவரே 1859-இல் சென்னையின் ஆளுநர். தமிழக உழவன் இலங்கைக் காப்பித் தோட்டங்களுக்குக் கூலியாய்ப் போய்க் கொண்டிருந்த காலம் அது. ஐரிசு உழவனின் வெளியேற்றத்தைக் கண்டு கலங்காத கைகளே ஈண்டும் ஆட்சிக்கோல் பிடித்தன. இதுவும் இயற்கையோ?

“வெள்ளையன் ஒழிந்தால் இவ் விழிவும் ஒழியும்” என்பார்க்கும் இலீத்திரிம் ஒரு பாடம் வைத்துள்ளது. அயர்லாந்தின் பெரும்பகுதி 1922-இல் தன்னாட்சி பெற்றது. 1926-இல் அம் மாவட்டத்தில் 55,907 பேர் இருந்தனர். 1996-இல் 25,057 பேர்! கொடி மாறிற்று, குடிபெயர்வு மாறவில்லை. நிலமிழந்த குடியானவர்க்காகப் போராடிய அம் மண்ணின் மகன் சிம்மி கிரால்ட்டனை, அவர் அமெரிக்கக் குடியுரிமை பெற்றிருந்ததைக் காட்டி ‘அயலான்’ எனச் சொல்லி, 1933-இல் அமெரிக்காவுக்கு நாடு கடத்தியது வெள்ளையன் அரசன்று, சொந்த அரசே! 1945-இல் நியூயார்க்கில் அவர் மறைந்தார். அச்செயல் தவறென்று ஒரு குடியரசுத் தலைவர் வெளிப்படையாகச் சொல்ல 2016 ஆக வேண்டியிருந்தது.

பின்னர் 1998-இல், ஊரை நிரப்புவோம் என்று வரித்தள்ளுபடி தந்தனர். முதலாளிகள் வீடுகளைக் கட்டிக் குவித்தனர். 2011-இல் அம் மாவட்டத்தின் பத்து வீடுகளில் மூன்று ஆளின்றிக் கிடந்தன! வீடு கட்டினர், அவ் வீட்டில் வாழ்வார்க்குத் தொழில் கட்டினாரில்லை. நிலப்பரப்பில் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு இன்று காடு. அதிற் பெரும்பகுதி தச்சு மரத்துக்கென நட்ட அயல்நாட்டு ஊசியிலை மரம். மாந்தன் போன இடத்தில் மரம். மரத்தின் ஊதியமோ ஊருக்கு வெளியே!

1996-க்குப் பின் மக்கள்தொகை ஏறி, 2022-இல் 35,000-ஐக் கடந்துள்ளது. அதுவும் 1841-இல் இருந்ததில் நாலிலொரு பங்கை எட்டவில்லை. அங்குப் புதிதாய்க் குடியேறுவோர் மீது எவரும் பகை கொள்ள வேண்டுவதில்லை. வருவோரும் போவோரும் பிழைப்பை நாடுவோரே. பகைக்குரியது, போவோனைத் தடுக்க ஒன்றும் செய்யாமல், வருவோனைக் காட்டிச் சினமூட்டும் ஆட்சி முறையே.

எனவே, எண்ணிப் பாருங்கள், தமிழர்களே! நிலம் யார் கையில், தொழில் யார் கையில், முடிவு செய்யும் உரிமை யார் கையில் என்பனவே ஓர் ஊரின் மக்கள்தொகையைத் தீர்மானிக்கின்றன. நும் ஊர்த் தெருவில் பூட்டிக் கிடக்கும் வீடுகளை எண்ணுங்கள். எண்ணிய பின், அவற்றைப் பூட்டியது ஊழா, ஆட்சியா என்று கேளுங்கள். கேளாத ஊர்க்குப் பூட்டு மட்டுமே எஞ்சும்.