டிக்கெட்டில் தேதி தவறினால் திருத்த ஒரு நாள் அவகாசம் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

தீபாவளிக்கும் தைப்பூசத்துக்கும் ரயில் டிக்கெட் விற்பனை தொடங்கினாலே எங்கள் கோலசிலாங்கூர் வட்டாரத்தில் ஒரு புலம்பலைக் கேட்கலாம். வெள்ளிக்கிழமைக்குப் போட வேண்டிய டிக்கெட் சனிக்கிழமைக்கு விழுந்துவிட்டது, பணமும் கட்டியாகிவிட்டது, இனி என்ன செய்வது என்பதுதான் அது. “பார்த்துப் போட்டிருக்கலாமே” என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள். ஊருக்கு ஊர், ஆண்டுக்கு ஆண்டு நடக்கும் ஒன்றைத் தனி ஆளின் கவனக்குறைவு என்று ஒதுக்குவது நியாயமில்லை. போக்குவரத்து அமைச்சு கவனிக்க வேண்டிய பொதுப் பிரச்சினை இது.

கோலசிலாங்கூர் மாவட்டத்தில் பயணிகள் ரயில் நிலையம் ஒன்றுகூடக் கிடையாது. ஈடிஎஸ் மின்சார ரயிலைப் பிடிக்க நாங்கள் சுங்கை பூலோ, தஞ்சோங் மாலிம் போன்ற இடங்களுக்குப் போக வேண்டும். கோலசிலாங்கூர் பட்டணத்திலிருந்து சுங்கை பூலோவுக்குச் சாலை வழியே 40 கிலோமீட்டருக்கு மேல். டிக்கெட் வாங்கவும் அதைத் திருத்தவும் முகப்புக்கு நேரில் போவதென்றால் ஒரு நாள் வேலை கெடும். ஆகவே புக்கிட் ரோத்தான், ஈஜோக், ஜெராம், பெஸ்தாரி ஜெயா பக்கத்துத் தோட்டங்களில் எல்லாம் கைப்பேசி வழிதான். பாட்டாளிப் பெற்றோருக்குப் பிள்ளைகள் போட்டுத் தருகிறார்கள். பிள்ளைகள் பக்கத்தில் இல்லாதவர்கள் பட்டணத்துக் கைப்பேசிக் கடையில் இரண்டு மூன்று வெள்ளி கொடுத்துப் போட்டுக்கொள்கிறார்கள். பயணம் போகிறவர் ஒருவர், திரையைத் தட்டுகிறவர் இன்னொருவர். தவறு நுழைய இந்த இடைவெளியே போதும்.

அந்தத் திரையையும் பாருங்கள். நகக்கண் அளவு கட்டங்களில் ஒரு மாத நாள்காட்டி. ஒரு விரல் நுனி இரண்டு தேதிகளை மூடும். போகும் தேதியை மாற்றினால் திரும்பும் தேதியையும் மாற்ற வேண்டும் என்பது அவசரத்தில் மறந்துபோகும். நள்ளிரவு தாண்டிப் புறப்படும் வண்டியென்றால் குழப்பம் இன்னும் அதிகம். ஞாயிறு இரவு சாப்பிட்டுவிட்டுக் கிளம்பி 12.30 மணிக்கு ஏறுகிறவருக்கு அது ஞாயிற்றுக்கிழமைப் பயணம்தான். டிக்கெட்டுக்கோ அது திங்கட்கிழமை. விற்பனை தொடங்கிய சில மணி நேரத்தில் இடம் தீர்ந்துவிடும் என்ற பதற்றமும் சேர்ந்துகொண்டால், நிதானமாகச் சரிபார்க்க யாருக்கு நேரம் இருக்கும்?

இழப்பு சிறியதல்ல. நாட்டின் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2025 முதல் 1,700 ரிங்கிட். மாதம் 26 நாள் வேலை என்று வைத்தால் நாளுக்கு ஏறத்தாழ 65 ரிங்கிட். நான்கு பேர் கொண்ட குடும்பம் பட்டர்வொர்த் போய்வர ஆகும் கட்டணம் பல நாள் கூலியைத் தின்றுவிடும். ஈடிஎஸ் டிக்கெட்டில் பெயரும் அடையாள அட்டை எண்ணும் பதிவாவதால், தவறிய டிக்கெட்டை அண்டை வீட்டாருக்குக் கொடுத்துப் பணத்தை மீட்கவும் வழியில்லை. “ரத்து செய்துவிட்டுப் புதிதாக வாங்குங்கள்” என்பது பண்டிகைக் காலத்துக்குப் பொருந்தாத யோசனை. ரத்து செய்து முடிப்பதற்குள் வேண்டிய நாளில் இடம் இருக்காது. பெடோங்கில் உள்ள எய்ம்ஸ்ட் பல்கலைக்கழகத்தில் படிக்கும் பிள்ளை சுங்கை பட்டாணியில் ஏறி தீபாவளிக்கு வீடு வந்து சேருமா என்பது அந்த ஒரு தேதியைப் பொறுத்திருக்கிறது.

சட்டம் இதை அறியாமல் இல்லை. இணைய வர்த்தகத்துக்காக 2012-இல் கொண்டுவரப்பட்ட பயனீட்டாளர் பாதுகாப்பு விதிமுறைகள், வாங்குபவர் தன் ஆர்டரை உறுதிப்படுத்தும் முன் பிழையைத் திருத்த வழி செய்து தரவேண்டும் என்று விற்பவருக்குக் கட்டளையிட்டன. திரையில் கைதவறும் என்பதை அரசே அன்று ஒப்புக்கொண்டது. ஆனால் அந்தப் பாதுகாப்பு பணம் கட்டும் பொத்தானோடு நின்றுவிட்டது. பெரும்பாலோர் பிழையைக் கண்டுபிடிப்பதோ டிக்கெட் கைக்கு வந்து, வீட்டில் நாலு பேர் பார்த்த பிறகுதான்.

பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றம் இருக்கிறதே என்பார்கள். ஐந்து ரிங்கிட் கட்டணத்தில் 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கையை விசாரிக்கும் நல்ல அமைப்பு அது. 1999-ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தில் நியாயமற்ற ஒப்பந்த நிபந்தனைகளுக்கு எதிரான பகுதி 2010 திருத்தத்தில் சேர்ந்ததும் உண்மை. ஆனால் ஒவ்வொரு டிக்கெட்டுக்கும் ஒரு மனு போட்டு, விசாரணைக்கு விடுப்பு எடுத்துக்கொண்டு போக ஒரு தோட்டத் தொழிலாளியால் ஆகிற காரியமா? தீர்ப்பு வருவதற்குள் தீபாவளி முடிந்துவிடும்.

விமானப் பயணிகளுக்கென மலேசியாவில் 2016 முதல் தனிப் பாதுகாப்புக் கோவை நடப்பில் உள்ளது. 2024 செப்டம்பரில் அதைத் திருத்தி, விமானம் ஐந்து மணி நேரமோ அதற்கு மேலோ தாமதமானால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம், கட்டிய வழியிலேயே அது திரும்பி வரவேண்டும் என்றும் உறுதி செய்தார்கள். அது தேதித் தவறைப் பற்றிய விதி அல்லதான். ஆனாலும் பயணியின் உரிமை இன்னது என்று எழுதிவைத்திருக்கிறார்கள். ரயில் பயணிக்கு அப்படி ஒரு தனிக் கோவை இல்லை. அவருக்குக் கிடைப்பதெல்லாம் ரயில் நிறுவனம் வகுக்கும் நிபந்தனைகள். இன்று சலுகை தந்தாலும் நாளை அதை மாற்றிக்கொள்ளலாம்.

மற்ற நாடுகள் வழி கண்டிருக்கின்றன. அமெரிக்காவில் பயணத்துக்கு ஏழு நாளோ அதற்கு மேலோ இருக்கும்போது வாங்கிய விமான டிக்கெட்டை, 24 மணி நேரத்துக்குள் அபராதமின்றி ரத்து செய்யலாம், அல்லது பணம் கட்டாமலே அந்நேரம் வரை நிறுத்திவைக்கலாம். இரண்டில் ஒன்றை விமான நிறுவனம் தந்தாக வேண்டும். இந்தியாவில் உறுதியான ரயில் டிக்கெட்டின் பயணத் தேதியை இணையத்திலேயே, மாற்றக் கட்டணமின்றி மாற்ற வழி செய்யப்படும் என்று 2025 அக்டோபரில் ரயில்வே அமைச்சர் அஸ்வினி வைஷ்ணவ் அறிவித்தார்.

இடத்தைப் பிடித்துவைத்து விற்கும் தரகர்களுக்கு இப்படித் தேதியைத் திருத்த விடுவது வசதியாகிவிடும் என்ற அச்சம் எழலாம். பெயரும் அடையாள அட்டை எண்ணும் மாறாமல் தேதியை மட்டும் ஒரே ஒரு முறை திருத்த விட்டால் தரகருக்கு அதில் லாபமில்லை. விட்டுக்கொடுத்த இடம் உடனே விற்பனைக்குத் திரும்பும். இன்னொரு குடும்பம் அதில் பயணம் செய்யும்.

ஆகவே போக்குவரத்து அமைச்சர் அந்தோணி லோக் அவர்களுக்கு எங்கள் வட்டார மக்கள் சார்பில் மூன்று கோரிக்கைகள். முதலாவது, டிக்கெட் வாங்கிய 24 மணி நேரத்துக்குள் தேதியை ஒருமுறை கட்டணமின்றித் திருத்தும் உரிமை சட்டவிதியாக வேண்டும். கட்டண வித்தியாசம் இருந்தால் பயணி கட்டட்டும். இரண்டாவது, பணம் கட்டும் முன் கிழமை, தேதி, மாதம் மூன்றும் பெரிய எழுத்தில் தனித் திரையில் வரவேண்டும். நள்ளிரவு வண்டியானால் “இது மறுநாள் அதிகாலை” என்ற எச்சரிக்கை தமிழிலும் இருக்க வேண்டும். மூன்றாவது, விமானப் பயணிக்கு உள்ளதுபோல் ரயில் பயணிக்கும் ஒரு பாதுகாப்புக் கோவை வேண்டும்.

நம் நாடாளுமன்ற, சட்டமன்ற உறுப்பினர்களும் பயனீட்டாளர் சங்கங்களும் இதைக் கையில் எடுக்க வேண்டும். அடுத்த பண்டிகை விற்பனை தொடங்கும் முன் அமைச்சு பதில் சொல்லியாக வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
புக்கிட் ரோத்தான், கோலசிலாங்கூர்