மீன் கழிவு: குப்பையா, உரமா?

மீன் கழிவை எறிந்துவிடுகிறோம். அதன் புரதத்தில் செடிக்குத் தேவையான நைட்ரஜன் உள்ளது. கழிவு அழுகும்போது அதில் ஒரு பகுதி அம்மோனியாவாகக் காற்றில் கலந்து வீணாகிறது.

கழிவின் எடைக்குச் சமமாக வெல்லம் கலந்து, வாயு வெளியேறும்படி தளர்வாக மூடி வையுங்கள். வெல்லம் கழிவிலுள்ள நீரை இழுக்கும். நொதித்தலில் உண்டாகும் அமிலம் அழுகலைத் தடுக்கும். மீனின் நொதிகள் புரதத்தை அமினோ அமிலங்களாக உடைக்கும். சுமார் மூன்று வாரத்தில் 'மீன் அமிலம்' தயார். லிட்டர் நீருக்கு 5 மில்லி போதும். நீர் கலக்காமல் தெளித்தால் இலை கருகும்.

இதை மாய மருந்தென்று போற்றுவது அறிவியல் ஆகாது. வெல்லமும் விலை கொடுத்து வாங்குவதுதானே? பள்ளித் தோட்டத்தில் இரு கத்தரிப் பாத்திகள் அமையுங்கள். ஒன்றுக்கு மீன் அமிலம், மற்றதற்கு வெல்ல நீர் மட்டும். காய்களை நிறுத்துப் பாருங்கள். தராசு சொல்வதே தீர்ப்பு!