கரை தேடி வரும் விருந்து

வகுப்பறையில் ஒருநாள், பொருள் வசதி வாய்த்தால் முதலில் எங்குச் செல்வீர்கள் என மாணவரிடம் வினவினோம். ஆப்பிரிக்காவின் செரெங்கெட்டி தேசியப் பூங்காவிற்கு என்றார் ஒருவர். தான்சானியாவில் 1951 இல் அமைந்த அப்பூங்காவில், பத்து இலட்சத்திற்கும் மேற்பட்ட வில்டபீஸ்ட் விலங்குகள் ஆண்டுதோறும் புல்லும் நீரும் தேடி இடம்பெயர்கின்றன. காணத் தக்க காட்சியே. அப்போது காசிமேட்டு மாணவர் ஒருவர் எழுந்து, "சார், எங்க கடலுக்கும்தான் வருசா வருசம் ஆமை வருது. அதை யாரு பார்க்கப் போறாங்க?" என்றார். வகுப்பு சிரித்தது. நமக்குச் சிரிப்பு வரவில்லை.

அவர் சொன்னது பங்குனி ஆமையை. தை முதல் பங்குனி வரை அது நம் கடலோரம் நாடி வந்து, இரவில் மணலேறி, குழி தோண்டி, நூறு முட்டைகள் அளவில் இட்டு மூடிவிட்டுக் கடலுக்குத் திரும்புகிறது. இராயபுரம் முதல் எண்ணூர் வரை பல இடங்களில் கடலரிப்பைத் தடுக்கக் கொட்டிய பாறைகளே இன்று கரை. ஆகவே வடசென்னையார் அதனை மணலில் காண்பது அரிது. வலையில் காண்பதே மிகுதி.

ஆமை நுரையீரலால் மூச்சு விடும் உயிர். இழுவலையில் சிக்கி மேலெழ இயலாது போனால் கடலிலேயே மூச்சுத் திணறி மடியும். 2025 சனவரியில் சென்னைக் கடற்கரையில் நூற்றுக்கணக்கான ஆமைகள் இறந்து ஒதுங்கின. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே முன்வந்து வழக்காக எடுத்தது. கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள் விசைப்படகுகள் இழுவலை இடலாகாது என விதி உண்டு. விதி ஏட்டில் இருக்கிறது. இறால் கரையோரம் இருக்கிறது. இடர்ப்பாடு இங்கேதான்.

அதற்காக மீனவரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துதல் முறையன்று. விலங்குகளைக் காப்பதாகக் கூறி 1959 இல் செரெங்கெட்டியினின்று மாசாய் மக்களை வெளியேற்றினர். காசிமேட்டில் அத்தகைய நீதி வேண்டா. ஆமை தப்பிச் செல்லும் கருவியை வலையில் பொருத்தினால் மீனும் சிறிது தப்பும் என மீனவர் அஞ்சுகின்றனர். அவ்விழப்பை அரசு ஈடு செய்தல் வேண்டும். விதியைப் படகு பார்த்து வளைக்காது நிலைநாட்டவும் வேண்டும். இரண்டில் ஒன்று மட்டும் பயன் தாராது.

அகநானூற்றின் 160 ஆம் பாடலில், பெண் ஆமை மணலில் புதைத்த முட்டையை, குஞ்சு பொரிக்கும் வரை ஆண் ஆமை காத்திருப்பதாகக் குமுழிஞாழலார் நப்பசலையார் பாடுகிறார். உயிரியலாரோ, கடலாமை முட்டைக்குத் தாயும் தந்தையும் காவலில்லை என்பர். பாட்டில் வரும் அக்காவற் பணி இன்று யாருடையது? 1988 முதல் சென்னை மாணவர் அமைப்பொன்று இரவெல்லாம் கரையில் நடந்து, முட்டைகளைப் பாதுகாப்பான இடத்தில் வைத்து, பொரித்த குஞ்சுகளைக் கடலில் விட்டு வருகிறது. அவர்களும் நம் பிள்ளைகளைப் போன்ற மாணவர்களே.

நெய்தல் திணையைக் கரும்பலகையில் மட்டுமே கற்பிக்கும் நமக்கும் இதில் குறையுண்டு. வரும் பங்குனிக்குள் நம் துறை ஓர் இரவேனும் அவர்களோடு கரையில் நடக்கட்டும். காசிமேட்டு மாணவரே வழிநடத்தட்டும். செரெங்கெட்டிக்குச் செல்ல வசதி வேண்டும். இக்கரைக்குச் செல்ல மனம் போதும்.