சொன்ன நாளில் தைத்துக் கொடுங்கள்!

ரெடிமேட் உடை வந்தது, தையற்காரரின் வயிற்றில் அடித்தது என்ற பேச்சு ஊருக்கு ஊர் கேட்கிறது. பேச்சிலே உண்மை இல்லாமல் இல்லை. தீபாவளிக்கு ஒரு மாதம் முன்பே "ஆர்டர் எடுக்கப்படமாட்டாது" என்று அட்டை தொங்கவிட்ட கடைகள் பல, இன்று பண்டிகை நாளிலும் காற்று வாங்குகின்றன. சட்டையும் பேண்டும் தைத்தவர்களுக்குத்தான் அடி பலம். துணி எடுத்து, அளவு கொடுத்து, பத்து நாள் காத்திருக்க இளைஞருக்குப் பொறுமை இல்லை. கைபேசியைத் தொட்டால் சட்டை வீட்டுக்கே வந்துவிடுகிறது.

ஆனால், தொழிலே அழிந்தது என்று ஒப்பாரி வைப்பதை நாம் ஏற்கமாட்டோம். வீட்டுக்கு வந்த சட்டை தோளிலே தொங்குகிறது. பேண்ட் தரையைக் கூட்டுகிறது. சுடிதாரின் கை இறுக்குகிறது. நாலைந்து எழுத்துகளிலே மனித குலத்தின் அளவை அடக்கப் பார்க்கிறது ஆலை. மனித உடலோ அடங்க மறுக்கிறது! அந்த உடை கடைசியில் எங்கே வர வேண்டும்? தையற்காரரிடம்தானே! எதிரி என்று எண்ணியவனே வாடிக்கைக்காரரை அனுப்பி வைக்கிறான். அப்படி வருபவரை, "ஆல்டரேஷன் வேலை எடுப்பதில்லை" என்று விரட்டுவதா? வீடு தேடி வந்த சீதேவியை எட்டி உதைப்பதா? இன்று பேண்டின் நீளத்தைக் குறைக்க வந்தவர், நாளை தங்கையின் திருமண ரவிக்கைக்கு அதே கடையைக் காட்டுவார்.

வாடிக்கை குறைந்ததற்குக் கூலி மட்டும் காரணமல்ல. "நாளைக்கு வாருங்கள்" என்ற இரண்டு சொற்களே பெருங்காரணம். நாளைக்குப் போனால், "காஜா எடுக்கவில்லை", மறுநாள் போனால், "பையன் வரவில்லை." முகூர்த்தம் காத்திருக்குமா? மூன்று முறை நடந்தவர் நான்காம் முறை ஜவுளிக்கடைக்குப் போகிறார். போகிறவர் சும்மா போவதில்லை. பத்துப் பேரிடம் சொல்லிவிட்டுப் போகிறார்.

ஆகவே நாம் கூறுவது இது: கை எவ்வளவு தைக்குமோ அவ்வளவே துணி வாங்குங்கள். தேதியை ரசீதிலே எழுதிக் கொடுங்கள். முடிந்ததும் ஒரு செய்தி அனுப்புங்கள். கூலியைப் பலகையில் எழுதி வையுங்கள். என்ன கேட்பாரோ என்ற அச்சம் புதியவரை வாசலிலேயே நிறுத்திவிடும். ஊர் வளர்ந்துவிட்டது. அடுக்குமாடி வீடுகளிலும் பெண்கள் விடுதிகளிலும் குடியேறியவர்களுக்கு உங்கள் சந்து தெரியாது. அவர்கள் கூகுள் வரைபடத்திலே கடை தேடுகிறார்கள். அதிலே கடையின் பெயரைப் பதிவு செய்யக் காசு எதுவும் இல்லை. பிறகு ஏன் தயக்கம்?

தொழிலாளிக்கு மட்டும் புத்தி சொல்லி நிறுத்திவிடுவது நியாயமாகாது. 2023இல் ஒன்றிய அரசும், 2025இல் தமிழக அரசும் தையற்காரரையும் சேர்த்துக் கைவினைஞர் கடன் திட்டங்களைத் தொடங்கின. நல்லதுதான். ஆனால் கடன் இயந்திரத்தை வாங்கித் தரும். வாடிக்கைக்காரரை வாங்கித் தருமா? வேலை இல்லாத இயந்திரம் தூசி தின்னும். கடனோ வட்டி தின்னும்!

வழி இல்லாமல் இல்லை. சத்துணவு உண்ணும் பள்ளிப் பிள்ளைகளுக்கு 2012-13 முதல் ஆண்டுக்கு நான்கு இணைச் சீருடைகள் என்று அரசு அறிவித்தது. அவற்றைத் தைக்கும் வேலை மகளிர் தையற் கூட்டுறவுச் சங்கங்களுக்குப் போயிற்று. உறுதியான வேலை வந்தது. வீட்டிலே கூலி வந்தது. இந்த வழியை ஏன் விரிக்கக்கூடாது? தனியார் பள்ளிகளும் மருத்துவமனைகளும் ஓட்டல்களும் சீருடையை ஒரே ஒப்பந்தக்காரரிடம் ஒப்படைக்காமல் உள்ளூரில் தைக்கக்கூடாதா? ஒரு கடையால் இருநூறு சீருடை தைக்க முடியாது என்பார்கள். ஐந்து கடைகள் சேர்ந்தால் முடியாதா? ஒருவர் வெட்ட, மூவர் தைக்க, ஒருவர் காஜா எடுக்கட்டும். தனித்து நின்றால் போட்டி. கூடி நின்றால் தொழில்!

வாசகர்களுக்கும் ஒரு சொல். ஐயாயிரம் ரூபாய்ப் புடவைக்குப் பேரம் பேசாமல் பணம் கொடுக்கிறோம். அதன் ரவிக்கைக்கு ஐம்பது ரூபாய் குறைக்கச் சொல்லித் தையற்காரரிடம் வாதாடுகிறோம். குளிரூட்டிய கடையிலே அடங்குகிற வாய், தெருக்கடையிலே ஏன் திறக்கிறது? இரவெல்லாம் குனிந்து தைப்பவரின் முதுகுவலிக்கு விலை இல்லையா?

கூலியைக் குறைக்காமல் கொடுப்போம். சொன்ன நாளில் அவர் கொடுக்கட்டும். நம் அளவறிந்த கை, நம் தெருவிலேயே வாழட்டும்!