ஆய்வகச் சாவி யாரிடம்?



கடலூர் பழைய மாணவர் வாட்ஸ்அப் குழுவில் போன வாரம் ஒரு தம்பி எழுதியிருந்தான். "சார், என் பையன் ஸ்கூல்ல லேபே கிடையாது. எல்லாம் ஸ்மார்ட் போர்டுல சிமுலேஷன், கேம்ஸ்தான். நாம பட்ட பாடு அவனுக்கு இல்ல." கீழே வரிசையாகக் கைதட்டியிருக்கிறீர்கள். எனக்குக் கைதட்ட வரவில்லை.

கிழவனுக்குக் கம்ப்யூட்டர் பிடிக்காது என்று நினைத்துவிடாதீர்கள். இயற்பியலுக்கு 2001-ல் நோபல் வாங்கிய கார்ல் வைமன், மறு வருடமே அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் 'ஃபெட்' என்று ஒன்றைத் தொடங்கினார். அந்த சிமுலேஷன்களை ஓய்வுபெற்ற பிறகு ராத்திரியெல்லாம் உட்கார்ந்து ஆடியவன் நான். காசு கிடையாது, சிலவற்றில் தமிழும் உண்டு. 2005-ல் அந்தக் குழு ஓர் ஆய்வை வெளியிட்டது. நிஜ பல்பையும் ஒயரையும் வைத்துப் படித்தவர்களைவிட, திரையில் மின்சுற்று கட்டிப் பழகிய கல்லூரி மாணவர்கள் பிறகு நிஜச் சுற்றையும் நன்றாகவே அமைத்தார்களாம். எனக்குப் பிடிக்காத முடிவு. ஆனாலும் மறைக்க மாட்டேன். ஒயருக்குள் எலக்ட்ரான் நகர்வதை நான் சாக்பீஸால் எத்தனை அம்புக்குறி போட்டும் உங்களுக்குக் காட்ட முடிந்ததில்லை. அது காட்டுகிறது.

ஆனால் அந்த மாணவர்கள் தாங்களே கட்டினார்கள், தாங்களே தப்பு செய்தார்கள், கலைத்துவிட்டு மறுபடி கட்டினார்கள். உன் பையன் வகுப்பில் என்ன நடக்கிறது தம்பி? ஆசிரியர் கிளிக் செய்கிறார், 40 பிள்ளைகள் பார்க்கிறார்கள். அதை நாங்கள் சினிமா என்போம்.

என் பேத்தியும் இப்படித்தான் படிக்கிறாள். மின்சுற்று கேமில் நூற்றுக்கு நூறு. லீவுக்குச் சிதம்பரம் வந்தவளிடம் ஒரு டார்ச் பல்பு, ஒரு செல், ஒரே ஒரு ஒயர் கொடுத்து எரிய வை என்றேன். அரை மணி நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுல ரெண்டாவது முனை எங்க தாத்தா?" என்றாள். பல்பின் பக்கவாட்டு உலோகம்தான் அது. நான் சொல்லவில்லை. சாயந்திரம் அவளே கண்டுபிடித்துக் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார்.

விளையாட்டு என்றால் நாம் ஆடாததா? தாயத்துக்குத் தேய்ப்பது போல ஒரு பக்கம் வெள்ளையாகத் தேய்த்த 100 புளியங்கொட்டை ஞாபகம் இருக்கிறதா? உலுக்கிப் போட்டு, வெள்ளை விழுந்ததை எல்லாம் எடுத்துவிட்டு, மிச்சத்தை எண்ணி கிராஃப் தாளில் புள்ளி வைப்போம். எந்தக் கொட்டை விழும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஏறக்குறைய எத்தனை மிஞ்சும் என்று சொல்லிவிடலாம். கதிரியக்கத்தின் அரை ஆயுட்காலம் உங்களுக்கு அப்படித்தான் புரிந்தது. அதுவும் சிமுலேஷன்தானே! கடைசி பெஞ்சுக்கு மட்டும் கோடு சரசரவென்று இறங்க, கொட்டை சரியாகத் தேய்க்கவில்லை என்று ஒரு பீரியட் முழுக்கச் சண்டை. அன்றைக்குப் பாடம் நடத்தியது அந்தச் சண்டைதான், நான் இல்லை.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். 2022 நவம்பரில் ஆரம்பித்த வானவில் மன்றம், அரசுப் பள்ளியில் 6 முதல் 8 வரை படிக்கும் பிள்ளைகளைத் தேடிச் சோதனைக் கருவிகளைக் கொண்டுபோகிறது. ஃபீஸ் கட்டாத வீட்டுப் பிள்ளையின் கைக்குக் கருவி. லட்சம் கட்டுகிற வீட்டுப் பிள்ளைக்குத் திரை. இதற்கா கைதட்டினீர்கள்? அமிலம், கண்ணாடிக் குழாய், லேப் உதவியாளர் சம்பளம் எல்லாம் செலவு. ஒரு திரை மாட்டினால் விளம்பரமும் ஆச்சு, செலவும் மிச்சம். அதற்கு 'நவீனம்' என்று பெயர் வைத்து உங்களிடமே விற்கிறார்கள்.

அடுத்த பெற்றோர் கூட்டத்தில் மார்க்கைப் பற்றிக் கேட்பதற்கு முன்னால் இரண்டு கேள்வி கேளுங்கள். ஆய்வகச் சாவி யாரிடம் இருக்கிறது? அந்த ஸ்மார்ட் போர்டை என் பிள்ளை கடைசியாகத் தொட்டது எப்போது? கிடைக்கிற பதிலை இங்கேயே கீழே எழுதுங்கள். பள்ளிக்கூடத்தின் பெயர் வேண்டாம்.